தென்திசை விளக்கு

கயலாற்றின் மேல்கரையில், ஆம்பற்கோட்டையின் கருங்கல் மதில்களுக்கு அப்பால் கதிரவன் இறங்கி மறைந்துகொண்டிருக்க, கீழ்கரையில் ஈச்சமரக் கூட்டத்தின் தலைக்கு மேலே, விளிம்பில் இன்னும் சிறிது நிறைய வேண்டிய நிலா மெல்ல எழுந்தது. இரண்டு ஒளிகளுக்கும் நடுவே அகப்பட்ட ஆறு, ஒரு பக்கம் செம்பை உருக்கி ஊற்றியது போலவும் மறுபக்கம் வெள்ளித் தகட்டை விரித்தது போலவும் தோன்றி, எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாத ஒரு மனிதனைப் போல அமைதியற்று ஓடியது.

வாசகர்களே, முதலில் இடத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எல்லாமே திசைகளைப் பொறுத்து இருக்கிறது. மேற்கே ஆம்பற்கோட்டை, ஆம்பல் நாடு என்னும் சிறிய நாட்டின் ஒரே கோட்டை அது. கிழக்கே, ஆற்றுக்கு இப்பால், வடமேட்டுப் பேரரசின் பெரும்படை இறங்கியிருந்த பாசறை. கோட்டைக்குத் தெற்கே தாழங்காடும், அதன் நடுவே சேறு மண்டிய ஓர் உப்பங்கழியும். அதையும் தாண்டிப் போனால் கடல். கடலோரத்தில் பரதவர்கள் ஆளும் சங்குத்துறை நாடு. தாழங்காட்டு வழியே மனிதர் வர முடியாது என்பது ஆம்பல் நாட்டாருடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே தெற்கு வாயிலுக்குக் காவல் குறைவு. கோட்டையின் வில்லாளர்கள் எல்லாரும் கிழக்கு மதிலில், பாசறையைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவர்கள் பார்த்தது பாசறையை மட்டுமா? இல்லை. ஆற்றுப் படித்துறையில் ஒவ்வொரு மாலையும் வந்து நின்ற ஒரு பெண்ணையும் பார்த்தார்கள்.

அவளை ஆம்பல் நாட்டு இளவரசி பிறைநாச்சி என்று பாசறை முழுவதும் அறிந்திருந்தது. அறுவடை முடியும் வரை போர் இல்லை என்று பேரரசு வாக்களித்தபோது, அந்த வாக்குக்கு ஈடாக ஆம்பல் அரசரின் மகளைப் பிணையாகக் கேட்டது. அரசர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். ஒவ்வொரு நாளும் அந்திப் பொழுதில் மகளை ஆற்றங்கரையில் நிறுத்த வேண்டும். உயிரோடு இருக்கிறாள் என்று கோட்டையிலிருந்து கண்ணால் காண வேண்டும். அங்கே தங்கள் குல வழக்கப்படி அவள் திசைவிளக்கு ஏற்ற வேண்டும்.

படையின் தண்டநாயகர் பம்மரசர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தாராளமாகச் சம்மதிக்கக்கூடியவர் அவர். கொட்டைப்பாக்கைச் சீவலாகச் சீவிக்கொண்டே ஒரு நாட்டின் தலைவிதியை முடிவு செய்வது அவருடைய வழக்கம். ஆனால் சம்மதித்த கையோடு எல்லாவற்றையும் அளந்து வைத்தார். அவள் வெள்ளைப் புடவைதான் உடுத்த வேண்டும். தலையில் பூ கூடாது. படித்துறை மேடையின் நடுவில் வைத்த கல்லின்மேல்தான் நிற்க வேண்டும். கையை உயர்த்தக் கூடாது, பாடக் கூடாது. நான்கு திசைக் கல்லிலும் ஒவ்வொரு விளக்கு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இவ்வளவும் செய்தபின், அந்தப் பெண்ணால் கோட்டைக்கு ஒரு கடுகளவு செய்தியும் சொல்ல முடியாது என்று அவர் திருப்தி அடைந்தார்.

ஒன்றை மட்டும் அவர் அளக்கவில்லை. நான்கில் எதை முதலில் ஏற்றுவது என்பதை. மேட்டு நிலத்தில் பிறந்தவருக்கு விளக்கு என்றால் விளக்குதான். ஆம்பல் நாட்டிலோ உயிருள்ளோர் வீட்டில் கிழக்கு விளக்கை முதலில் ஏற்றுவார்கள். வடக்கு, மேற்கு என்று வந்து தெற்கைக் கடைசியில் ஏற்றுவார்கள். இழவு வீட்டில் மட்டுமே தெற்கு முதலில் எரியும். பிணையாக அவள் புறப்பட்ட அன்று அரசரும் அவளும் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: கிழக்கு முதலில் எரிந்தால் புதிய செய்தி இல்லை; வேறு எந்தத் திசை முதலில் எரிகிறதோ, அந்தத் திசையிலிருந்து பகைவன் வருகிறான்.

அன்றைய மாலையும் அவள் கிழக்கையே முதலில் ஏற்றினாள். தெற்கு விளக்கைப் பணிப்பெண் சாத்தி ஏற்றினாள். ஆற்றுக்கு அப்பால், மதில்மேல் சிறு புள்ளிகளாகத் தெரிந்த தலைகள் அசைந்து கலைந்தன. அவளுக்கு அந்தக் கோட்டை கையை நீட்டினால் எட்டும் போல இருந்தது. ஆனால் நடுவே ஆறு. ஆற்றின் கரையெல்லாம் சங்கிலியிட்டுப் பூட்டிய படகுகள். முதுகுக்குப் பின்னால் வேல்கள்.

வேல்களுக்கு முன்னால், காவற்படையின் தலைவன் விடங்கன் நின்றான். வேங்கைமலை நாட்டுக்காரன். ஒருகாலத்தில் அது தனி நாடு. இப்போது பேரரசின் வரைபடத்தில் ஒரு மடிப்பு. முகத்தில் எதையும் காட்டாத அந்த இளைஞனிடம் அவள் இத்தனை நாளில் பேசியது மிகக் குறைவு. ஆனால் அவள் விளக்கேற்றும்போதெல்லாம் மற்றக் காவலர்கள் அவளைப் பார்ப்பார்கள். அவன் மட்டும் விளக்குகளைப் பார்ப்பான். அதனால் அவளுக்கு அவனிடம் அச்சம்.

மறுநாள் பௌர்ணமி. காலையில் உப்பு வண்டி ஒன்று பாசறைக்குள் வந்தது. சங்குத்துறை உப்பில்லாமல் எந்தப் படைக்கும் சோறு இறங்காது. ஆகவே பேரரசு அந்த வண்டிகளைத் தடுப்பதில்லை; கோட்டைக்குப் போகும் வழிகளை மட்டும் அடைத்து வைத்திருந்தது. தண்டநாயகருக்குத் தெரியாத செய்தி என்னவென்றால், ஆம்பல் அரசருக்கும் சங்குத்துறைத் தலைவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. படை தர வேண்டும், பொருள் தர வேண்டும் என்ற உடன்பாடு அல்ல. ஒருவர் கண்டதை மற்றவருக்கு மறைக்காமல் சொல்வது, அவ்வளவுதான். கடற்கரையில் வலை உலர்த்துகிறவன், கழியில் நண்டு பிடிக்கிறவன், உப்பு அள்ளுகிறவன் எல்லாரும் அந்த உடன்பாட்டின் கண்கள்.

உப்புக்காரன் கூடாரத்து வாசலில் உப்பளக்கும் மரக்காலைச் சாய்த்துச் சாத்தியின் கூடையில் உப்பைக் கொட்டினான். கல் நிறைய இருக்கிறதே என்று சாத்தி சண்டை பிடித்தாள்.

“கல்லா? போன பௌர்ணமிக்கு அள்ளுன உப்பு ஆத்தா, பாலு மாதிரி இருக்கு. இன்னைக்கு ராவு கடலு ஏறுமுல்ல, இனிமே அள்ள முடியாது” என்றான் அவன். பிறகு குனிந்து, சிந்திய உப்பைத் திரட்டுகிற சாக்கில், குரலை இறக்கினான். “கழிக்குள்ள நம்ம தோணி இல்லாத தோணியா கெடக்கு. தாழைக்குள்ள இழுத்து மூடி வச்சிருக்கானுவ. இன்னைக்கு ஏத்தத்துல தண்ணி கோட்டை தெக்கு வாசப்படி வரைக்கும் போவும். அண்ணன் சொல்லச் சொன்னாரு: அவனுவ உள்ள போனா, வெளிய வர விடமாட்டாராம்.”

பிறைநாச்சி திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆற்றைக் கடக்கப்போவது போலப் பாசறையின் முன்புறத்தில் அவர்கள் ஆரவாரமாகக் கட்டிய தெப்பங்கள் வெறும் வேடிக்கை. தினமும் அந்தியில் அவளை நிறுத்தி வைத்ததுகூட, கோட்டையின் கண்களைக் கிழக்கிலேயே கட்டிப்போடுவதற்காகத்தான். உள்நாட்டு மக்களான ஆம்பல் நாட்டாருக்குக் கடல் அவ்வளவு தூரம் ஏறும் என்பதே தெரியாது. சேறாகக் கிடக்கும் கழி எப்போதோ ஒரு பௌர்ணமி இரவில் ஆறாக மாறும் என்று அவர்களிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? சொல்வதற்கு இருப்பது இன்று ஓர் அந்தி. ஏற்றுவதற்கு இருப்பது ஒரே ஒரு விளக்கு. தெற்கு வாயிலில் போதிய ஆள் இல்லாவிட்டால் நாளை ஆம்பல் நாடு என்று ஒன்று இருக்காது.

அந்த எண்ணத்தோடு அவள் மாலையை எதிர்நோக்கியிருந்தபோது, உச்சிப்பொழுதில் தண்டநாயகர் வந்தார். பாக்குவெட்டி கையில், புன்னகை முகத்தில்.

“மகளே, உன் பணிப்பெண்ணுக்கும் அந்த உப்புக்காரனுக்கும் நீண்ட பேச்சு நடந்ததாமே. உப்பில் பேச என்ன இருக்கிறது?”

கல் இருந்தது என்று அவள் சொன்னாள். அப்படியானால் அவளை அடுக்களைக் கூடாரத்துக்கு அனுப்பிவிடலாம், அங்கே கல் பொறுக்க ஆள் தேவை என்று அவர் அன்பாகவே சொன்னார். சாத்தி போனாள். இன்னொன்றும் சொன்னார். இன்று வெயில் அதிகம், இளவரசி களைத்திருக்கிறாள். ஆகவே மாலையில் அவள் கல்லின்மேல் கைகளைக் குவித்து நின்றால் போதும், விளக்குகளை விடங்கன் ஏற்றுவான்.

“அது பெண்கள் ஏற்றும் விளக்கு” என்றாள் அவள்.

“சுடர் ஆண் பெண் பார்ப்பதில்லை” என்று சொல்லிவிட்டு, பாக்குச் சீவலை வாயில் போட்டுக்கொண்டு அவர் வெளியேறினார். வாசலில் நின்ற விடங்கனின் தோளைத் தட்டி, அவள் காதிலும் விழும்படியாக ஒரு வார்த்தை சொன்னார்: “இன்று ஒருநாள் கருத்தாக இரு. நாளைக்கு வேங்கைமலை உனக்கு. என் வாயால் சொன்னதை நான் மாற்ற மாட்டேன்.”

கூடாரத்தின் துணி அசைந்து நின்றது. உள்ளே காற்று இல்லை. நடுக்கம்பத்துக்கும் ஓரக் கயிற்றுக்கும் இடையே அவள் நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். மேற்குப் பக்கத் துணியில் ஒரு சிறு கிழிசல் உண்டு. அதன் வழியே கோட்டையின் ஒரு கொத்தளம் மட்டும் தெரியும். அதில் ஒரு காவலன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்காத தூரம். அவனுக்குத் தெரியாமலே அவன் உயிர் இன்று இரவோடு முடியப்போகிறது; அதை அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரு விரல்கூட இல்லை.

“நங்கையீர் நடப்பதை நிறுத்தினால், நான் ஒன்று கேட்கலாமா?”

விடங்கன் திரையை விலக்கி உள்ளே வந்து நின்றான். அவன் தானாக வந்து பேசியது அதுவே முதல் தடவை.

“காவலர் கேட்டால் கைதி மறுக்க முடியுமா?” என்றாள் அவள்.

“என் தாயார் ஆம்பல் நாட்டில் பிறந்தவர்” என்று அவன் தொடங்கினான். “எங்கள் மலையிலும் அந்தியில் நான்கு விளக்கு வைப்பார். தெற்கு விளக்கை மட்டும் ஏற்ற மாட்டார், பணிப்பெண்தான் ஏற்றுவாள். ஏன் என்று கேட்டேன். தகப்பன் உயிரோடு இருக்கும் பெண் தென்விளக்கைத் தன் கையால் தொட மாட்டாள் என்றார். என் பாட்டனார் இறந்த செய்தி வந்த நாள் முதல் அவரே ஏற்றத் தொடங்கினார்.”

அவள் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தாங்கள் வந்த முதல் நாள் மாலை தென்விளக்கைத் தாங்களே ஏற்றினீர்கள். தயங்கவில்லை. சாத்தி அன்று தங்கள் காதில் ஏதோ சொன்னாள். மறுநாளிலிருந்து அவள் ஏற்றினாள். ஆம்பல் அரசரை நான் தினமும் மதில்மேல் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறார்; நேற்றுக்கூட யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அப்படியானால் தாங்கள் அவருடைய மகள் இல்லை.”

வாசகர்களே, ஒரு பெண்ணின் முகத்திலிருந்து இரத்தம் வடிந்துபோவதை நிலா வெளிச்சத்தில் சொல்லிப் பழகிய எனக்கு அதை நடுப்பகலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் வெளுத்தாள், ஆனால் தலையைத் தாழ்த்தவில்லை.

“முதல் நாளே தெரிந்தும் ஏன் தண்டநாயகரிடம் சொல்லவில்லை?”

“அவர் கேட்கவில்லை.”

“அது பதில் ஆகாது.”

அவன் கூடாரத்தின் கிழிசல் பக்கம் போய் நின்றான். அவளைப் பாராமலே பேசினான். வேங்கைமலையிலும் இதேபோல ஓர் உடன்படிக்கை இருந்தது என்றான். இதேபோல ஒரு பிணை. சிறுவனாக இருந்த தன்னைத் தினமும் ஒரு பாறைமேல் நிறுத்திக் காட்டினார்கள். தந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலை, மலையின் பின்புறத்துச் சுனைப்பிளவு வழியாக ஏணி வைத்து ஏறினார்கள். பாறைமேல் நின்றபடியே அவன் தன் ஊர் எரிவதைப் பார்த்தான்.

“அந்த ஏணிகளை மலையடிவாரத்தில் இறக்கியதைச் சங்குத்துறை உப்பு வண்டிக்காரர்கள் கண்டார்கள். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. கண்டார்கள், தங்கள் தலைவரிடம் சொன்னார்கள். தலைவர் எங்களுக்குச் சொல்லவில்லை. மலைக்காரன் சண்டை நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். ஒரு வார்த்தை, நங்கையீர். ஒரு வார்த்தை வந்திருந்தால் சுனைப்பிளவில் பத்து ஆள் போதும்.”

வெளியே ஒரு குதிரை கால் மாற்றி நின்றது.

“அந்தத் தலைவர் என் தந்தை” என்றாள் அவள்.

விடங்கன் திரும்பினான்.

“சாகும்வரை அவர் அதைப் பற்றியே பேசினார். வேங்கைமலை விழுந்த அடுத்த மழைக்காலத்தில் பேரரசின் சுங்கக்காரர்கள் எங்கள் துறைக்கு வந்தார்கள். அப்போதுதான் அவருக்கு மலையின் அருமை தெரிந்தது. பிறகு கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் துறையிலும் அதே வழக்கம்தான்; தென்விளக்கை நான் தினமும் என் கையால் ஏற்றுகிறவள். அந்தப் பழக்கம் முதல் நாள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆம்பல் அரசரின் மகளைப் பேரரசு பிணையாகக் கேட்டபோது என் தமையனிடம் நான் சொன்னேன்: இந்தத் தடவை செய்தி மட்டும் அனுப்பினால் போதாது, சொல்வதற்கு ஓர் ஆளும் உள்ளே இருக்க வேண்டும் என்று. வந்தேன். எல்லாம் சரியாக நடந்தது. கடைசியில் இன்று என் கையைக் கட்டிவிட்டு, விளக்கைத் தங்கள் கையில் கொடுத்திருக்கிறார்.”

“என்ன சொல்ல வேண்டியிருந்தது?”

அவனை நம்புவதா? வேங்கைமலை நாளைக்கு அவனுக்கு; தண்டநாயகரின் வாக்கு அது. நம்பாவிட்டால் மட்டும் என்ன மிச்சம்? அவள் எண்ணிப் பார்த்தாள். பூட்டிய அறையில் ஒரே ஒரு கதவு இருந்தால், அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

“தெற்கு” என்றாள். “முதலில் தெற்கு.”

அவன் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனான். அடுக்களைக் கூடாரத்தின் பக்கம் அவன் காலடி ஓசை தேய்ந்தது.

அந்தி வந்தது. முழுநிலா ஈச்சமரங்களுக்கு மேலே, காய்ச்சிய நெய் நிறத்தில் எழுந்தது. படித்துறையின் மேல்படியில் ஆசனமிட்டுத் தண்டநாயகர் அமர்ந்தார். அவள் வெள்ளைப் புடவையில் நடுக்கல்லின்மேல் கைகுவித்து நின்றாள். கோட்டை மதிலில் தலைகள் வரிசையிட்டன. காற்று ஆற்றிலிருந்து உப்பு மணத்தைக் கொண்டுவந்தது; அதைக் கடற்கரையில் பிறந்தவள் மட்டும் அறிந்தாள். கடல் ஏறத் தொடங்கிவிட்டது.

விடங்கன் எரியும் திரிக்கோலை ஏந்தி மேடைக்கு வந்தான். நேராகக் கிழக்குக் கல்லுக்குப் போனான். குனிந்தான்.

அவளுக்குள் எல்லாம் அடங்கிப்போயிற்று. கத்திவிடலாமா என்று தோன்றியது. கத்தினால் ஆற்றின் பாதிக்குக்கூடப் போகாது. நீட்டிய திரிக்கோலின் சுடர் நடுங்குவதை மட்டும் பார்த்தாள். அது நடுங்கி, சாய்ந்து, விளக்கின் முகத்தைத் தொடாமல் நின்றது.

“என்ன விடங்கா?” என்றார் தண்டநாயகர், பாக்குவெட்டியை நிறுத்தி.

“காற்று, பிரபு. இங்கே சுடர் நிற்காது போலிருக்கிறது. அந்தப் பக்கம் காற்று அடங்கியிருக்கிறது. அங்கே ஏற்றிக்கொண்டு வருகிறேன்.”

தண்டநாயகர் பாக்குவெட்டியை அசைத்து அனுமதி கொடுத்தார். விடங்கன் நிதானமாக நடந்துபோய்த் தெற்கு விளக்கை ஏற்றினான். அதன் சுடர் நிமிர்ந்து, நின்று, எரிந்தது. அது தனியாகப் போதிய நேரம் எரியட்டும் என்பது போல அவன் திரிக்கோலை ஒருமுறை தூண்டிவிட்டுக்கொண்டான். அதன் பிறகே வடக்குக்கும் மேற்குக்கும் கிழக்குக்கும் போனான்.

மதில்மேல் ஒன்றும் நடக்கவில்லை. கூச்சல் இல்லை, கொம்பு இல்லை. கோட்டைக் கோயிலின் மணி வழக்கம்போல அடித்து ஓய்ந்தது. தலைகள் வழக்கம்போலக் கலைந்தன. கண்டார்களா, காணவில்லையா? கண்டும் புரியாமல் விட்டார்களா? கூடாரத்துக்குத் திரும்பியபோது அவளுக்கு முன்னைவிட இறுக்கமான ஒரு பூட்டுக்குள் நுழைவது போல இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் காத்திருப்பதைவிடக் கொடிய சிறை உண்டா?

நிலா உச்சிக்கு ஏறியது. அப்போது தெற்கே முரசு அதிர்ந்தது. தாழங்காட்டின் மேலே தீப்பந்தங்கள் நெருப்பு மழையாகப் பாய்ந்தன. கழி வழியே நழுவிச் சென்ற தோணிகள் தெற்கு வாயிலை நெருங்கியபோது, காலியாக இருக்க வேண்டிய மதிலில் ஆம்பல் நாட்டு வில்லாளர்கள் அனைவரும் நின்றார்கள். திரும்ப முயன்றபோது கழிமுகத்தைச் சங்குத்துறைப் படகுகள் அடைத்துக்கொண்டிருந்தன. முன்னால் மதில், பின்னால் கடல், இருபுறமும் முள். ஏற்றத்தை நம்பிப் போனவர்கள் இறக்கத்தில் சேற்றில் அமர்ந்தார்கள்.

செய்தி வந்ததும் தண்டநாயகரின் முகத்திலிருந்து புன்னகை முதல்முறையாகக் கழன்றது. கைதியை இழுத்துவரச் சொன்னார். விடங்கனே அவளைப் படித்துறைக்கு அழைத்து வந்தான். பந்தங்கள் சூழ அவளை நடுக்கல்லில் நிறுத்தி, கொம்பூதச் செய்து, ஆற்றுக்கு அப்பால் கேட்கும்படி அறிவிப்பு செய்வித்தார்: உடனே கிழக்கு வாயிலைத் திறக்காவிட்டால் ஆம்பல் அரசரின் மகள் அந்தக் கல்லின்மேலேயே வெட்டுண்டு விழுவாள்.

கோட்டையிலிருந்து விடை வந்தது. குரலாக அல்ல.

கிழக்கு மதிலின் மேடையில் ஒரு விளக்கு எரிந்தது. அதன் ஒளியில், பச்சைப் பட்டுடுத்தி, தலை நிறையப் பூச்சூடி, ஆம்பல் அரசரின் பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றாள். அவள் கிழக்கை முதலில் ஏற்றினாள், வடக்கை ஏற்றினாள், மேற்கை ஏற்றினாள். திரிக்கோலைப் பக்கத்திலிருந்த தோழியிடம் கொடுத்தாள். தோழி தெற்கை ஏற்றினாள். அரசர் மகளின் தலையில் கைவைத்தார்.

தண்டநாயகர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு நடுக்கல்லில் நின்றவள் பக்கம் திரும்பினார்.

“அப்படியானால் இவள் யார்?”

“எனக்கும் இன்னும் பெயர் தெரியாது, பிரபு” என்றான் விடங்கன். “கேட்டுச் சொல்கிறேன்.”

அவன் கையிலிருந்த வேலின் தண்டு பந்தம் பிடித்தவனின் மணிக்கட்டில் இறங்கியது. பந்தம் படியில் உருண்டது. தண்டநாயகர் கரை நெடுகப் படகுகளைப் பூட்டியிருந்தார், தண்ணீரைப் பூட்டவில்லை. அரசர்மகள் ஆற்றில் கால் நனைக்கவும் அஞ்சுவாள் என்று எண்ணியிருந்தவரின் கண்ணெதிரே, அந்தப் பெண் புடவையை வரிந்து கட்டி, காவற்படைத் தலைவனின் கையைப் பற்றிக்கொண்டு, மேடையிலிருந்து மீனைப் போல ஆற்றுக்குள் பாய்ந்தாள். அம்புகள் நிலவொளியைத் தைத்தன, நீரைத் தைத்தன, அவளைத் தைக்கவில்லை. சிப்பிக்காக ஆழ்கடலில் மூச்சடக்கிப் பழகியவர்கள் எங்கே மூழ்கி எங்கே எழுவார்கள் என்று மேட்டு நிலத்து வில்லாளர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாத இன்னொருவனும் உண்டு. விடங்கனுக்கு நீந்தத் தெரியாது. அவள் அவன் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இறங்கத் தொடங்கியிருந்த வெள்ளம் இருவரையும் தெற்கே ஏந்திச் சென்று, கழிமுகத்தில் நின்ற சங்குத்துறைப் படகு ஒன்றின் விலாவில் சேர்த்தது. பரதவர்கள் கை கொடுத்துத் தூக்கினார்கள். விடங்கன் படகின் அடியில் கிடந்து வயிற்றுத் தண்ணீரையெல்லாம் வெளியேற்றினான்.

“மலைக்காரர் கல்லாகவே மூழ்குகிறீரே” என்றாள் அவள், கூந்தலைப் பிழிந்துகொண்டே.

“மலையை எனக்கு நாளைக்குத் தருவதாக இருந்தார்கள்” என்றான் அவன் இருமலுக்கு இடையே. “அவசரப்பட்டு ஆற்றில் குதித்துவிட்டேன்.”

சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். சாத்தி அடுக்களையில் அகப்பட்டிருப்பாளே என்றாள்.

“சாத்தி பிற்பகலே உப்பு வண்டியில், கோணிக்கு அடியில் போய்விட்டாள். தங்கள் கூடாரத்திலிருந்து நேரே அங்கேதான் போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.”

ஆக, விளக்கைக் கையில் எடுக்கும் முன்பே அவன் முடிவு செய்திருந்தான். படித்துறையில் அந்தக் கிழக்குக் கல்லின் முன் அவன் குனிந்து நின்ற வேளையில் தான் பட்ட பாட்டை அவனிடம் எப்போதாவது சொல்லிக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்போது சொல்லவில்லை.

படகின் முனையில் ஒரு சிறு மாடத்தில் அகல் இருந்தது. போருக்காக அணைத்து வைத்திருந்தார்கள். அவள் அதைத் தெற்கு முகமாக, கடலை நோக்கி வைத்து, தன் கையாலேயே ஏற்றினாள்.

“இது என் தந்தைக்கு” என்றாள். “அவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு. கேளுங்கள், வேங்கைமலையாரே. எங்கள் கரையில் காண்பது எதையும் இனி எந்த அயலானுக்கும் மறைக்க மாட்டோம். தங்கள் சுனைப்பிளவில் தங்கள் காவலர் மீண்டும் நிற்கும் நாள் வரை, மலைக்கும் கடலுக்கும் நடுவே நான் கண்ணாக இருப்பேன். இந்தச் சுடர்மேல் ஆணை.”

விடங்கன் மெல்ல எழுந்து, முழங்காலிட்டு, நனைந்த கையை அந்தச் சுடருக்குப் பக்கத்தில் நீட்டினான்.

“ஆணையிடுகிறவரின் பெயர் தெரியாமல் ஆணையை எப்படி ஏற்பது?” என்று கேட்டான். “பிரபுவிடமும் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.”

“வலம்புரி” என்றாள் அவள்.

படகோட்டிகள் துடுப்பைப் போட்டார்கள். பின்னால், ஆற்றுப் படித்துறையில், அணைக்க யாருக்கும் நினைவு வராத நான்கு விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றிய தென்விளக்கில்தான் எண்ணெய் முதலில் தீர்ந்தது.